உன் கொலுசு எனக்கும் இறுகிவிட்டது

இன்று காலை முகம் கழுவப் போகும்போது கணுக்காலில் ஏதோ வெட்டுவதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தேன். உன் கொலுசு சதைக்குள் புதைந்து கிடந்தது. சவர்க்காரம் பூசித்தான் கழற்ற முடிந்தது. நீ கழற்றியதும் அப்படித்தான்.

அன்று வாவிக்கரைக் கல்லில் உட்கார்ந்து, நுரையோடு அதை என் கையில் வைத்தாய். "தண்ணிக்குள்ளயே நிண்டா கால் ஊதாதா புள்ள? நீ போட்டிரு. வீக்கம் வத்தின மறுகா தா" என்றாய். தலையிடிக்கிறது என்றும் சொன்னாய். வெயில்தான் காரணம் என்று நினைத்தோம். வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாம். உனக்குத் தெரியாதது எனக்கும் தெரியவில்லை.

பள்ளிக்கூட மதிலுக்கு அந்தப் பக்கம்தான் கிளினிக். கிளினிக் நாளில் யன்னலோரம் இடம்பிடித்து, வரிசையில் நிற்கும் வயிறுகளைப் பார்ப்போம். "அந்தா பாரடி, பூசணிக்காய் நடந்து வருது" என்பாய். நான் வாயைப் பொத்திக்கொண்டு மேசைக்குள் குனிவேன். அடுத்த வருடமே அந்த வரிசையில் நிற்க வேண்டியவளாக நீ இருந்தாய். நீ நிற்கவில்லை.

உன் அம்மா குவைத்துக்குப் போனதும், தம்பிமாரைப் பார்க்க உன் படிப்பை நிறுத்தினார்கள். பிறகு ஒரு பொடியனோடு கதைத்தாய் என்று ஊர் பேச, பெயர் கெடமுதல் அவனோடேயே சேர்த்துவிட்டார்கள். வயது போதாததால் கல்யாணம் எழுத முடியவில்லை. "மிட்வைப் மிஸ்ஸுக்குத் தெரிஞ்சா பொலிசுக்குப் போகும். என்ட மகனைத்தான் கொண்டு போவாங்க" என்று உன் மாமியார் பயம்காட்டினார். மிஸ்ஸின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் நீ கூடையை எடுத்துக்கொண்டு வாவிக்குள் இறங்கிவிடுவாய். நெஞ்சளவு தண்ணீரில் நின்று இறால் தடவினால், கரையில் நிற்பவருக்கு வயிறு தெரியாது.

ஒருநாள் மிஸ் கரையில் நின்றே கேட்டார். "மகள், உங்கட வீட்டுல ஆரும் மாசமா இரிக்காங்களா?"

"இல்ல மிஸ். இறால் வேணுமா?"

அவர் சிரித்துக்கொண்டு போனார். நீயும் சிரித்தாய்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் உனக்கு வலிப்பு வந்துவிட்டது. பிரஷர் ஏறி இருந்ததாம். முதலே பார்த்திருந்தால் மருந்து இருந்ததாம். குறைமாதத்தில் எடுத்த உன் மகளை மட்டும்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். செத்தவீட்டிலும், நீ செத்ததைவிட நீ மாசமானதைத்தான் குசுகுசுத்தார்கள்.

இப்போது நானும் மாசம். அவர்கள் குசுகுசுப்பது என்னைப் பற்றி. எனக்குப் பதினேழு வயது. எப்படி என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. அம்மா சோற்றைப் போட்டுவைத்துவிட்டு மற்றப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். பெரிய சட்டையும் சால்வையுமாக வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். கிளினிக்குக்குப் போவதென்றால் அந்த யன்னலைக் கடக்க வேண்டுமே.

இன்று கிளினிக் நாள். கொலுசைப் பைக்குள் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். பள்ளிக்கூட மணி அடிக்கமுதல் போய்விட நினைத்தேன், இந்தக் காலோடு முடியவில்லை. யன்னலில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள். ஒருத்தி ஏதோ சொன்னாள். மற்றவள் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். என் முகம் எரிந்தது. திரும்பிவிட நினைத்து நின்றேன். செருப்பு வார் வீங்கிய காலில் அழுத்தியது. வரிசையில் போய் நின்றேன்.

அதே மிஸ்தான். பிரஷர் பார்க்கும் பட்டி கையில் இறுகியது.

"ஏன் மகள் இவ்வளவு நாளும் வரல்ல?"

"வெக்கம் மிஸ்."

"கால் எப்ப இருந்து இப்படி? தலையிடிக்கா?"

உள்ளதைச் சொன்னேன். பொலிசைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. தானே ஆட்டோ பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

ஆஸ்பத்திரி வாட்டில் கட்டிலில் படுத்திருந்து இதை எழுதுகிறேன். உன் கொலுசு தலையணைக்குக் கீழே இருக்கிறது. வீக்கம் வத்தினால் உன் மகளின் காலுக்கு அளவாக வெட்டிக் கட்டிவிடுவேன். வெட்கம் மட்டும் போகவில்லை. நேர்ஸ் வரும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறேன். ஆனால், பிரஷர் பட்டிக்குக் கையை நீட்டிக் கொடுக்கிறேன்.