சில்லறை முதலாளியின் ஓட்டு

அன்புள்ள வினோதினிக்கு வேங்கிக்கால் மாமன் எழுதுவது. இங்கே அண்ணாமலையாரும் உன் அம்மாவும் நலம். நான் முக்கால்வாசி நலம், மீதிக்கு மாவுக்கட்டு போட்டிருக்கிறது. டப்ளின் குளிரில் காதை மூடிக்கொண்டு போகிறாயா?

நீ வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து உன் கம்பெனிப் பங்கை இந்த ஊரே வாங்கிப் போட்டது உனக்குத் தெரியும். விடிந்தால் கண்ணாயிரம் டீக்கடையில் செல்லை நீட்டி யாரிடம் எத்தனை என்று ஒப்பிடுவதுதான் எங்களுக்குப் பூஜை. என்னிடம் ஒன்பது. முருகையனிடம் ஒன்றே ஒன்று, அதைத் தவமிருந்து பெற்ற பிள்ளை போலக் காட்டுவான். கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை வியாபாரி அப்பாசாமியிடம் பன்னிரண்டு, அந்தத் திமிரில், யோவ் சக்திவேலு, உன் அக்கா பொண்ணுக்கு நான்தான்யா பெரிய முதலாளி, நீ சில்லறைனு சீண்டுவான். போன செவ்வாய்க்கிழமை உன் கம்பெனி ரெண்டாயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பப்போவதாகச் செய்தி வந்தது, பங்கு விலை கிடுகிடுவென ஏறியது. அப்பாசாமி எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்து, இன்னும் ரெண்டாயிரம் பேரைத் தூக்குனா இன்னும் ஜாஸ்தி ஏறும்யானு கூவினான். நானும் தின்றேன். வீட்டுக்கு வந்தால் உன் அம்மா அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். நீ போனில் சொன்னாயாம், உன் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறதாம், இந்த மாதக் கடைசியில் முடிவாம்.

டீக்கடைக்குத் திரும்பிப் போனேன். பாரதப் போர் பதினெட்டு நாள், எங்களுடையது டீ ஆறுவதற்குள் முடிந்தது, ஆனால் ரத்தம் இதில்தான் ஜாஸ்தி. பெஞ்சைப் பிடுங்கி வீசினேன், மலையே ஒரு அடி தள்ளி உட்கார்ந்தது, அப்பாசாமி நெற்றி பிளந்தது. அவன் ஜல்லிக்கரண்டியால் என் இடது மணிக்கட்டை முறித்தான், நான் அவன் தோளைக் கடித்தேன், பால் சட்டி கவிழ்ந்து முருகையன் கால் வெந்தது, விலக்க வந்த கண்ணாயிரத்துக்கு இரண்டு கன்னத்திலும் அறை. பெரிய ஆஸ்பத்திரியில் என்னையும் அப்பாசாமியையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். தையல் போடும்போது அப்பாசாமி, எதுக்குய்யா என்னை அடிச்சேனு கேட்டான். சொன்னேன். ஊசிக்குக் கத்தாதவன் வாயைப் பொத்திக்கொண்டான். நம்ம வினோ பேரு அதுல இருக்குதுனு எனக்கு எப்படிய்யா தெரியும்னு அழுதான். பிறகு விருட்டென்று எழுந்து, முதலாளிங்கதானேய்யா நாம, ஓட்டு இருக்குதில்ல, புள்ளைய அனுப்பக்கூடாதுனு போடுவோம்னு சொன்னான்.

நேற்று உன் கம்பெனியின் ஆண்டுக் கூட்டத்துக்கு ஓட்டுப் போடச் சொல்லி செல்லுக்குத் தகவல் வந்தது. தலைவர் சம்பளத்தைக் கூட்டலாமா என்று ஒரு கேள்வி. கணக்குப் பார்ப்பவரை மாற்றலாமா என்று ஒரு கேள்வி. கட்டுகளோடு நானும் அப்பாசாமியும் முருகையனும் மேலும் கீழும் தள்ளித் தள்ளித் தேடினோம், உன்னைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை கண்ணு. இருந்த எல்லாவற்றுக்கும் கூடாது என்றே அழுத்தினோம்.

எது நடந்தாலும் நீ நல்லா இருப்பாய், அண்ணாமலையார் விடமாட்டார். வேளைக்குச் சாப்பிடு. அம்மாவிடம் வண்டியிலிருந்து விழுந்ததாகச் சொல்லியிருக்கிறேன், நீயும் அதையே சொல். முடிவு தெரிந்ததும் முதலில் எனக்குப் போன் போடு, முறியாத கையில் செல்லைப் பிடித்துக்கொண்டுதான் படுக்கிறேன்.

இப்படிக்கு,
உன் கம்பெனியின் சில்லறை முதலாளி,
சக்திவேல் மாமா