ரெசின் பூசிய கிற்றார்

அயன் பெட்டியின் சூட்டில் ரெசின் இளகும்போது ஒரு நாற்றம் வரும். மூக்கைச் சுடும். துறைமுகப் பக்கம் ஃபைபர் வள்ளங்கள் திருத்துகிற எனக்கு அது தினமும் பழகியதுதான். ஆனால் நடுவில் ஒரு மூன்று வாரம் அது உன்னுடைய பன்னிரண்டு கம்பிக் கிற்றாரின் வயிற்றுக்குள்ளிருந்து வந்தது. போட்டவன் நான். சுரண்டி எடுத்தவனும் நான்.

அதற்குக் கொஞ்சம் முன்பு உன் மனைவி இதைக் கொண்டுவந்து என் வேலை மேசையில் வைத்தார். நீ காய்ச்சலில் செத்துப்போய் அப்போது பத்து மாதம்.

"ஆண்டுப் பூசைக்கு இதை வாசிக்க வேணும் அண்ணா. பழைய சத்தம் வருமோ எண்டு பாருங்கோ."

"என்ன பழைய சத்தம்? கம்பி தாங்குற பிரிட்ஜை நான் ஒட்டின ஒட்டு இன்னும் பத்து வருசத்துக்கு அசையாது."

உன் மனைவி கொஞ்சம் தயங்கினார். "அசையாது, ஓம். ஆனா நீங்கள் ஒட்டினாப் பிறகு, அவர் உங்களுக்கு முன்னால மட்டும்தான் இதை வாசிச்சவர். வீட்டில தொடுறேல்ல. கேட்டா, 'அவன் பாடுபட்டுச் செய்தவன், சும்மா இரு' எண்டுவார்."

எனக்குக் காது சூடாகிவிட்டது.

உன் அப்பா கப்பலில் வேலை செய்த காலத்தில் ஏதோ ஒரு துறைமுகத்தில் மலிவாக வாங்கிய கிற்றார். நம் இருவரையும் விட மூத்தது. முன்பக்கம் வெறும் ஒட்டுப்பலகை. நீ அதற்குச் சுருதி சேர்க்கிற வேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இருந்ததே இல்லை.

"டேய், பாட்டு எப்ப?"

"பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போறன் மச்சான். ஆறுதலா, மெள்ளத்தான் போக ஏலும்."

எப்போதும் இரண்டு கட்டை குறைத்தே வைப்பாய். "பழசு, தாங்காது" என்பாய். உனக்குக் காது சரியில்லை என்று நான் நக்கலடிப்பேன். ஒருநாள் நீ குளிக்கப் போன நேரம், போனில் பார்த்துப் பார்த்துப் பன்னிரண்டையும் சரியான சுருதிக்கு முறுக்கி வைத்தேன். மறுநாள் மத்தியானம் பிரிட்ஜ் பலகையை விட்டு எழும்பி நின்றது. இழுவையைக் கணக்குப் பார்க்கப் படித்தவன் நான். அன்று பார்க்கவில்லை.

நீ திட்டவில்லை. அன்றே பின்னேரம் வள்ளத்துக்குப் போடுகிற ரெசினைக் கொண்டுவந்து ஒட்டினேன். அது போதாதென்று உள்பக்கமும் ஃபைபர் துணி வைத்துப் பூசினேன். நீ குனிந்து துவாரத்துக்குள் பார்த்துவிட்டு, "நல்லது மச்சான், இனி இது கடல்ல போட்டாலும் தாளாது" என்றாய். இரண்டு பேரும் சிரித்தோம். காய்ந்ததும் வாசித்தாய். எப்படி என்று கேட்டேன். "நல்லாயிருக்கு" என்றாய். நம்பிவிட்டேன்.

எஞ்சின் அதிர்வில் வள்ளம் ஆடாமல் அடக்குவது என் தொழில். அதிர வேண்டிய பலகையையும் அடக்கிவிட்டிருக்கிறேன்.

திருப்பி எடுப்பதுதான் பாடு. துவாரத்துக்குள் ஒரு கைதான் போகும். வெளியிலிருந்து அயன் பெட்டியால் சூடு காட்டி, இளகியதை நகமளவு நகமளவாகக் கிளப்ப வேண்டும். கத்தி வழுக்கினால் ஒட்டுப்பலகை உரிந்துவிடும், பிறகு பூசைக்கு ஒன்றுமில்லை. அவசரம் வந்தபோதெல்லாம் கத்தியை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். இந்த முறை பிரிட்ஜைத் தச்சர்கள் பாவிக்கிற பசையால் ஒட்டி, இறுக்கி, முழுதாக ஒரு நாள் தொடாமல் விட்டேன். நீ இருந்திருந்தால் இதை நம்பியிருக்கமாட்டாய். புதுக் கம்பி போட்டு, இரண்டு கட்டை குறைத்துச் சுருதி வைத்தேன்.

சனிக்கிழமை உன் மனைவி வந்தார். எனக்குத் தெரிந்த அளவுக்கு வாசித்தேன். நின்றபடி கேட்டவர், கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாசிப்பு சரியான மோசம் அண்ணா. சத்தம் இதுதான்" என்றார்.

"உண்மையாவோ? எனக்காகச் சொல்ல வேண்டாம்."

"அவர் மாதிரிப் பொய் சொல்ல எனக்கு வராது."

பூசையில் பாடகர் குழுப் பொடியன் ஒருவன் அதை வாசித்தான். அவன் ஆறுதலாகச் சுருதி சேர்க்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போதெல்லாம் வேலை முடித்து வள்ளத்தைக் கொடுக்கும்போது யாராவது "நல்லாயிருக்கு" என்றால், நின்று அவர்களுடைய முகத்தைப் பார்க்கிறேன். அன்று உன் முகத்தை நான் பார்க்கவில்லை. ரெசின் டின்னை மூடிக்கொண்டிருந்தேன்.