சும்மா கிடைக்கும் ஆட்டக்காரன்

அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். கண் கட்டைப் பிரித்துவிட்டார்களா? சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். பார்வை தெளியும்வரை என் கடிதத்தைத் தம்பியே வாசித்துக் காட்டட்டும்.

ஃபுட்பால் கிளப்புடன் என் ஒப்பந்தம் போன வாரம் முடிந்தது. கவலைப்படாதீர்கள். இனி எந்தக் கிளப்பும் பழைய கிளப்புக்குப் பணம் தராமல் என்னைச் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம். அப்படிச் சும்மா கிடைப்பவர்களின் பட்டியல் பேப்பரில் வந்தது. நாற்பத்திரண்டாவதாக உங்கள் மகன். பேர் அச்சில் ஏறிவிட்டது, பாருங்கள்!

நேற்று ஒரு கிளப்பில் ஆடிக் காட்டப் போனேன். "டிஃபென்ஸுக்கு ஆள் இருக்கு. கோல்கீப்பர்தான் வேணும்" என்றார் கோச்.

"நான் கோல்கீப்பரும்தான் சார்" என்றேன். பத்து வருஷம் கோலுக்கு முன்னால் நின்றவன் நாலடி பின்னால் நிற்க மாட்டேனா?

ஆறு கோல் விட்டேன். "இரவல் கிளவுஸ் சார், கைக்குப் பெரிசு" என்றேன்.

சிரித்துவிட்டார். "இருபது நாள் தரேன். உன்னோடத எடுத்துட்டு வா."

தம்பி, இங்கிருந்து அப்பாவுக்கு வாசிக்காதே. பழைய கிளப்பில் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். கூட ஆடியவன் அறையில் தரையில் படுக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அவனும் போகச் சொல்லிவிட்டான். நீ கோல்கீப்பராக நின்றபோது போட்ட பழைய கிளவுஸை அனுப்புடா. கிளப் விலாசத்துக்கு வேண்டாம், இந்த ஊர் போஸ்ட் ஆபீஸ் விலாசத்துக்கே அனுப்பு, நேரில் போய் வாங்கிக்கொள்கிறேன். பெனால்டி அடிப்பவனின் காலைப் பார்ப்பதா, கண்ணைப் பார்ப்பதா? எப்படி விழுந்தால் தோள் நோகாது? ஒன்று விடாமல் எழுது. இதை விட்டால் எனக்கு வேறு வழியில்லை.

ஏன் நிறுத்திவிட்டாய் என்று அப்பா கேட்பார். அண்ணன் கையெழுத்துப் புரியவில்லை என்று சொல்.