விரிசலில் பதித்த கண்ணாடி

பாவா,

நேற்று அக்கா மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். தெருமுனையிலேயே எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. உள்ளே நாலைந்து பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, கண்ணை மட்டும் மெஷினை விட்டு எடுக்காமல் நின்றார்கள். ஒருத்தி மிளகாய் இன்னொருத்தி மிளகாயோடு கலந்துவிடக் கூடாதாம். நீங்கள் இருந்திருந்தால், "நல்லா பாத்துக்கோங்கம்மா, எனக்கே என் மேல நம்பிக்க இல்ல" என்று சொல்லியிருப்பீர்கள். அவர்களுடைய சந்தேகம் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும்.

ஊரே சந்தேகமாகப் பார்க்கும் தொழில் உங்களுடையது. பதிலுக்கு நீங்கள் ஊரையே சந்தேகப்பட்டீர்கள். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, பெண்ணைப் பார்த்ததைவிட அதிக நேரம் எங்கள் வீட்டுக் காபியை முகர்ந்து பார்த்தீர்கள், சிக்கரி எவ்வளவு கலந்திருக்கிறது என்று. அந்தக் குணம் எனக்குப் பிடித்ததே இல்லை, கால்வாய் விவகாரம் வரும்வரை.

மில்லின் பின்சுவரை ஒட்டி அரசாங்கம் மழைநீர்க் கால்வாய் வெட்டியது. பொக்லைன் வந்து ஆளுயரப் பள்ளம் தோண்டிவிட்டுப் போனது. வேலை அதோடு நின்றது. மழை பெய்தபோது மலையிலிருந்து இறங்கிய தண்ணீரெல்லாம் அந்தப் பள்ளத்தில் தேங்கி, சுவர் மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டது. சவுக்குக் கட்டைகளை முட்டுக்கொடுத்து நிறுத்தினீர்கள். இடித்துக் கட்ட வசதியில்லை. சுவர் விழுந்தால் மில் போகும், மில் போனால் குடும்பத்துக்குச் சோறில்லை. நஷ்டஈடு கேட்டு மனு எழுதிக்கொடுத்தது நான்.

விசாரிக்க வந்த இன்ஜினியர் சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். அந்த மரியாதையே உங்களுக்குச் சந்தேகம். மெஷினைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மில் ஓடும் அதிர்வில்தான் சுவர் விரிசல் விட்டிருக்கும் என்று மெதுவாகச் சொன்னார். நான் சண்டைக்குப் போனேன். நீங்களோ, "இருக்கலாம் சார். அத எப்பிடி தெரிஞ்சிக்கறது?" என்று கேட்டீர்கள்.

அவர் ஆள் வைத்து, விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்டில் பதித்தார். சுவர் இனி நகர்ந்தால் கண்ணாடி உடைந்துவிடும். மில் ஓடும்போது உடைந்தால் மில்லின் மேல் தப்பு. மழைத் தண்ணீர் நிற்கும்போது உடைந்தால் கால்வாயின் மேல் தப்பு.

அன்றிலிருந்து நீங்கள் கண்ணாடிக்குக் காவல்காரர். காண்ட்ராக்டர் ஆள் அந்தப் பக்கம் பீடி பற்றவைக்க ஒதுங்கினாலும் பின்னாலேயே போய் நின்றீர்கள். சுவரில் ஊர்ந்த பல்லியைக்கூட நம்பவில்லை. அரக்கோணத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் நான் இதைச் சொல்லிச் சொல்லி உங்களைக் கேலி செய்தேன்.

அப்படி ஒரு ஞாயிறுதான் என்னைக் கண்ணாடிக்கு எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தீர்கள். பிறகு மெஷினில் மஞ்சள் கிழங்கைக் கொட்டினீர்கள். மஞ்சள் அரைக்கும்போதுதான் மில் அப்படிக் குலுங்கும் என்று எனக்கும் தெரியும். பதறிப்போய், உடைந்து தொலைத்தால் என்ன செய்வது, யாரும் கேட்காதபோது எதற்கு இந்த வம்பு என்றேன்.

"ஒடைஞ்சா மனுவ வாபஸ் வாங்கிக்கலாம் மச்சான். அவங்கள சந்தேகப்பட்டுகினு நம்ம மெஷின மட்டும் நம்பினா, அது இன்னா நியாயம்?"

மஞ்சள் தீரும்வரை நான் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கண்ணாடி அப்படியே இருந்தது. ஐப்பசி மழையில், கரண்ட் இல்லாமல் மில் மூடிக்கிடந்த ஒரு மத்தியானம், கால்வாய்ப் பள்ளம் ததும்பி நின்றபோது அது இரண்டாகப் போனது. பக்கத்துப் பூக்கடைக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினீர்களாம். இன்ஜினியரும் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்.

ஆனாலும் ஆபீஸிலிருந்து வந்த காகிதத்தில் 'கருணைத் தொகை' என்றுதான் இருந்தது. அரசின் தரப்பில் தவறு ஏதும் இல்லையாம், கருணையின் பேரில் கொடுக்கிறார்களாம். தொகை மட்டும் நாம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல். வாங்கிக்கொள்ளுங்கள், காசு காசுதானே என்று அக்காவும் நானும் கெஞ்சினோம். கூடுதலாக இருந்ததே உங்களுக்கு ஆகவில்லை. ஜன்னல் வழியே மலைக்கோயிலைக் காட்டினீர்கள்.

"கருண வேணும்னா படியேறிப் போய் அவன்கிட்ட கேட்டுக்கறேன். இவங்க பள்ளம் தோண்டினாங்க. அத வாயத் தொறந்து சொல்லச் சொல்லு."

காகிதத்தைத் திருப்பி அனுப்பி மேல்முறையீடு செய்தோம். பதில் வருவதற்குள் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோய்விட்டது. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது பாவா. ஒரு வார்த்தைக்காக என் அக்காவை விரிசல் விட்ட சுவருக்கடியில் நிறுத்திவிட்டுப் போய்விட்டீர்களே என்று பல நாள் மனதுக்குள் உங்களைத் திட்டினேன்.

தை மாதம் பதில் வந்தது. அக்கா படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். 'கால்வாய்ப் பணியால் சுவருக்கு ஏற்பட்ட சேதத்துக்கான இழப்பீடு.' நம்பமுடியாமல் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். இதில் எங்கே ஏமாற்று வேலை என்று தேடினேன். கிடைத்தது. சுவர் பழையது என்று கழித்துக்கொண்டு, கருணைத் தொகையைவிடக் குறைவாகப் போட்டிருந்தார்கள். மறுபடி மேல்முறையீடு என்று நான் குதித்தபோது அக்கா சிரித்தாள். நீங்கள் போனபிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"கொறச்சி குடுக்கறாங்கன்னா நெசமாத்தான்டா குடுக்கறாங்க. உங்க பாவாவுக்கு இதுதான் நம்பிக்கையா இருந்திருக்கும்."

கையெழுத்துப் போட்டுவிட்டு, வெகுநேரம் அழுதாள்.

சுவர் எழும்பிவிட்டது. பணம் போதாததற்கு நான் கொஞ்சம் கொடுத்தேன். கடன்தான் பாவா, கருணை இல்லை. இப்போதெல்லாம் யாரிடமாவது நியாயம் கேட்கக் கிளம்பினால், அந்த மஞ்சள் அரைத்த ஞாயிறு நினைவுக்கு வந்து, என் பக்கத்தையும் ஒருமுறை குலுக்கிப் பார்த்துக்கொள்கிறேன். பல தடவை பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறேன்.

புதுச் சுவரும் பழைய சுவரும் சேரும் மூலையில் விரிசல் ஒன்றும் இல்லை. ஆனாலும் கொத்தனாரிடம் சொல்லி அங்கே ஒரு கண்ணாடித் துண்டைப் பதிக்கவைத்திருக்கிறாள் அக்கா. கால்வாய் மேல் இன்னும் சந்தேகமா என்று கேட்டேன். இல்லை, நம் மெஷின் மேல் என்றாள். நேற்றும் தும்மிக்கொண்டே உள்ளே போய், அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் பார்த்தேன். உடையவில்லை பாவா.