அந்தா, கரடி

2024 ஓகஸ்ட் 5, திங்கள்

வேனுக்குத் திரைச்சீலை போட்டோம். என் மனைவி தங்கேஸ்வரியின் பழைய நீலச் சேலை. சீட்டுகளைக் கழற்றிய இடத்தில் பலகைக் கட்டில். அதற்கு அடியில் கேஸ் அடுப்பு, மூன்று கேன் தண்ணீர், அரிசி, பருப்பு, கருவாடு. லொறி ஓட்டியது போதும் என்று விட்ட பிறகு, பதினொரு வருடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இந்த வேனில்தான் ஏற்றினேன். இரண்டு வருடமாக அது சும்மா நின்றது. நாளை நாங்கள் இரண்டு பேரும் அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து, வடக்குப் பக்கக் காடெல்லாம் பார்க்கப் புறப்படுகிறோம்.

இவ்வளவும் எழுத ஒரு மணித்தியாலம் ஆனது. பரவாயில்லை. போன வருடம் என் பெயரைக்கூட எழுதத் தெரியாது. இப்போது எழுபத்தொரு வயதில், கண்ணாடி இல்லாமல் எழுதுகிறேன். மாத்தளை நூலகத்தில் எங்கள் எழுத்து வகுப்பில் ஒன்பது பேர். கண்ணாடி போடாதவன் நான் ஒருவன்தான்.

தர்ஷிகா டீச்சர் இந்தக் கொப்பியைத் தந்து, "ஐயா, ஒரு வரியாவது தினம் எழுதுங்க. ஆனா பாக்காதத பாத்தேன்னு எழுதிறாதீங்க" என்றார். வகுப்பில் நான் புலி பார்த்த கதை எழுதினேன். ஒவ்வொரு வரியிலும் புலி வளர்ந்துகொண்டே போனது. அதனால் வந்த பேச்சு.

ஓகஸ்ட் 6, செவ்வாய்

புறப்படும் நேரம் பார்த்து சசிக்குமார் கொழும்பிலிருந்து போன் எடுத்தான். "அப்பா, இந்த வயசுல காட்டுல போய்ப் படுக்கணுமா? கண்டியில ஒருத்தர் வேன வெலைக்குக் கேக்கிறாரு. குடுத்திட்டு பஸ்ல போய்ட்டு வாங்க."

தங்கேஸ்வரி போனை வாங்கி, "பஸ்ல கருவாடு பொரிக்க விடுவாங்களாடா?" என்று கேட்டாள். மகன் போனை வைத்துவிட்டான்.

நாற்பத்தாறு வருடம் ஓட்டியவன் நான். போர்டுகள் எனக்கு வெறும் தகரம். பாலம், புத்தர் கோயில் பன்சலை, பெட்ரோல் செட், வளைந்த பலாமரம், இவற்றை வைத்துத்தான் ஊர்களை அறிந்தேன். இன்றுதான் முதல் முறை வாசித்துக்கொண்டு ஓட்டினேன். ஆனால் எழுத்துக் கூடி வருவதற்குள் போர்டு பின்னால் போய்விடுகிறது. ஐந்தாம் வகுப்பு படித்த தங்கேஸ்வரி தூரத்திலேயே வாசித்து முடிக்கிறாள். என் வாசிப்பு இன்னும் வேகம் பிடிக்கவில்லை. பிடிக்கும்.

ஓர் இடத்தில் நிறுத்தி, இறங்கிப் போய், அடியில் நின்று வாசித்தேன். ரத்தோட்டை. எத்தனை தடவை இதன் அடியில் நின்று தேங்காய் இறக்கியிருக்கிறேன். அப்போதெல்லாம் அது தன் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

ஓகஸ்ட் 7, புதன்

ரிவர்ஸ்டன் தாண்டி, பிட்டவல புல்வெளிக்குக் கிட்ட நிற்கிறோம். மலை அணில் ஒன்று வேன் கூரையில் குதித்து, கண்ணாடி வழியாகத் தலைகீழாக எங்களைப் பார்த்தது. வால் மட்டும் என் முழங்கை நீளம் இருக்கும். (உண்மையாகவே, டீச்சர்.)

பின்னேரம் தங்கேஸ்வரி கையைத் தட்டினாள். "ஏங்க, எதிர் மலையில மரை மான் கூட்டம். அந்தா, மஞ்சப் புல்லுக்கு மேல."

எனக்கு மலை தெரிந்தது. மரை தெரியவில்லை. "ஆமா, ஆமா" என்றேன்.

இங்கே உண்மையை எழுதுகிறேன்: பார்க்கவில்லை. அவளிடம் சொல்ல மனம் வரவில்லை. நான் ஓடித் திரிந்த காலமெல்லாம் இவள் சோறு கட்டித் தந்துவிட்டு வீட்டில் இருந்தாள். நான் வந்து, யானை நின்றது, முதலை கிடந்தது என்று சொல்லுவேன். வாய் பார்த்துக்கொண்டு கேட்பாள். இப்போது தன் கண்ணாலேயே பார்க்கிறாள். அந்த நேரத்தில் போய், எனக்குத் தெரியவில்லை என்று சொல்லுவதா?

ஓகஸ்ட் 8, வியாழன்

மழை. கருவாட்டுக் குழம்பு. வேன் ஒழுகவில்லை. இதைவிட என்ன வேண்டும்.

ஓகஸ்ட் 9, வெள்ளி

லக்கல வழியாக இறங்கி மொரகஹகந்த நீர்த்தேக்கத்துக்கு வந்தோம். தண்ணீருக்குள் செத்த மரங்கள் நிற்கின்றன. செத்த மரத்தில் இவ்வளவு இலையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பின்னால் மீன்காரன் மோட்டார் சைக்கிளில் வந்து ஹாரன் அடித்தான். இலையெல்லாம் ஒரேயடியாக எழும்பிப் பறந்தது. நீர்க்காகங்கள்.

எவ்வளவு அழகு. அவளிடம் இலைக் கதையைச் சொல்லவில்லை.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

நேற்று நாவுலவில் மரக்கறி வாங்கிக்கொண்டு கண்டலமைக்கு வந்தோம். இன்று குளத்தின் அக்கரையில் யானைகள். கிளை முறியும் சத்தமும், ஒன்று பிளிறியதும் நன்றாகக் கேட்டன. கரையில் சாம்பல் நிறமாக ஏதோ அசைந்தது. நான் காதால் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

தங்கேஸ்வரி விரல் விட்டு எண்ணி, "பதினொண்ணு" என்றாள்.

"பன்னண்டு" என்றேன்.

"எங்க பன்னண்டாவது?"

"குட்டி. தாய்க்குப் பின்னால நிக்குது."

அவள் அக்கரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பதினொன்று என்று சொல்லியிருந்தால் போதும்.

ஓகஸ்ட் 12, திங்கள்

எழுத்து கோணலாக வருகிறது.

சீகிரியாவுக்கு வரும் காட்டு வீதியின் வாசலில் வழக்கம்போல நிறுத்தி, ஒரு கிளை முறித்து மரத்தில் தொங்கவிட்டேன். காட்டுத் தெய்வத்திடம் வழி கேட்பது. இந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிற எல்லோரும் செய்வார்கள். பிறகு மெதுவாகத்தான் வந்தேன். பொழுது சாய்கிற நேரம். வெளிச்சம் இருந்தது, அதுதான் சொல்கிறேன், வெளிச்சம் இருந்தது.

"நிப்பாட்டுங்க! ஏங்க, நிப்பாட்டுங்க!"

பிரேக்கை மிதித்தேன். வேன் நின்ற பிறகு முன் கண்ணாடி முழுக்கச் சாம்பல் நிறம். தோலில் இருந்த மடிப்பு தெரிஞ்சிச்சு, மயிர் தெரிஞ்சிச்சு. நடு ரோட்டுல நிக்குது. நான் நிழல்னு நினைச்சேன். மர நிழல்னு நினைச்சுத்தானே போனேன்.

யானை காதை இரண்டு தரம் ஆட்டியது. தும்பிக்கையை வைப்பரில் வைத்துப் பார்த்தது. பிறகு, இவர்களோடு என்ன பேச்சு என்பதுபோலக் காட்டுக்குள் இறங்கிப் போனது.

"கிளை கட்டினோம், தப்பிச்சோம்" என்றேன்.

"கிளை கட்டுனதால இல்ல. நான் கத்துனதால" என்றாள்.

ஓகஸ்ட் 13, செவ்வாய்

சீகிரியா கிராமத்தில், முச்சக்கர வண்டி ஓட்டும் றினோஸ் என்பவரின் வீட்டு வளவில் நிறுத்தியிருக்கிறோம். பக்கத்தில் வயல், அதற்கு அப்பால் பற்றைக்காடு.

காலையில் தங்கேஸ்வரி கதவைத் திறந்து, மெதுவாக, "ஏங்க. அந்தா, கரடி" என்றாள்.

நேற்று நடந்ததற்குப் பிறகு எங்கே என்று கேட்க வாய் வரவில்லை. வயலுக்கு அப்பால் கறுப்பாக ஒன்று இருந்தது. "ஆமா" என்றேன்.

"குட்டி இருக்கோ?"

"ரெண்டு. ஒண்ணு தாய் முதுகுல ஏறியிருக்கு."

"நெஞ்சுல வெள்ளையா இருக்குமாமே?"

"இருக்குது. பிறை மாதிரி."

அவள் உள்ளே போய்த் தேநீர் போட்டாள்.

டீச்சர், குட்டிகளைப் பார்க்கவில்லை. பிறையையும் பார்க்கவில்லை. ஆனால் ஒரு விசயம் யோசனையாக இருக்கிறது. கரடியைக் கண்டவள் இவ்வளவு அமைதியாகத் தேநீர் போடுவாளா?

ஓகஸ்ட் 14, புதன்

காலையில் வேன் சாவியைக் காணவில்லை.

"எங்கிட்டத்தான் இருக்கு" என்றாள்.

"குடு."

"அங்க கரடி இல்லீங்க."

"போயிருச்சா?"

"வரவே இல்ல. அது கரையான் புத்து." சேலைத் தலைப்பில் முடிந்த சாவியைக் கையால் பொத்திக்கொண்டாள். "பன்னண்டாவது யானையிலேயே சந்தேகம். நேத்து புத்துக்குக் குட்டி பொறந்திச்சே, அதுல புடிச்சிட்டேன். உங்களுக்குக் கண்ணு தெரியல்ல. இனி நீங்க இத ஓட்டக் கூடாது."

எனக்கு வந்த கோபம். நாப்பத்தாறு வருசம். ஒரு கோழியக்கூட அடிச்சதில்ல. எங்கிட்டயே சோதனை வைக்கிறாளா? வளவின் மூலையில் போய் உட்கார்ந்தேன். மதியச் சோறும் வேண்டாம் என்றேன். சோற்றைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

உட்கார்ந்து யோசித்தேன். போர்டுகள். அப்படியானால் என் வாசிப்பில் குறை இல்லை. போர்டே எனக்குத் தெரியவில்லை. வாசிக்கத் தெரியாத காலத்தில், போர்டு தெரிகிறதா இல்லையா என்று நான் எப்படி அறிவேன்? இந்தக் கோபத்துக்குள்ளும் அது ஒரு சின்னச் சந்தோசம். டீச்சரிடம் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகுதான் மற்றது வந்தது. கண் எப்போதிலிருந்து இப்படி? இரண்டு வருடமா, நான்கு வருடமா? அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பின் சீட்டில் பாடிக்கொண்டு வருவார்களே.

எழும்பிப் போய், சட்டைப் பையிலிருந்த மற்றச் சாவியையும் அவளிடம் கொடுத்தேன். இரண்டு சாவி இருந்தது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"காலையிலயே இது உங்ககிட்ட இருந்திச்சா?" என்று கேட்டாள்.

"இருந்திச்சு."

சோற்றைச் சூடாக்கித் தந்தாள்.

ஓகஸ்ட் 15, வியாழன்

றினோஸ் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழியில் மான், மயில் எல்லாம் காட்டினார். "அங்கிள், வலப் பக்கம் மயில்." தங்கேஸ்வரி, "மெய்யாவே மயில்தான், பயப்படாதீங்க" என்றாள். றினோஸுக்கு ஏன் சிரிக்கிறோம் என்று விளங்கவில்லை.

டொக்டர் இளம் பெண். பொறுமையாகச் சொன்னார். இடது கண்ணில் அழுத்தம் கூடி, போன பார்வை போனதுதான். மருந்து போட்டு இருப்பதைக் காப்பாற்றலாம். வலது கண்ணில் வெண்படலம். வெட்டினால் தூரம் தெரியும். கிட்ட நன்றாகத் தெரிவதும் அந்தப் படலத்தின் வேலைதானாம். நான் பெருமைப்பட்டது நோயை வைத்து.

"வெட்டின பிறகு ஓட்டலாமா, டொக்டர்?"

"வேணாம் ஐயா. ஒரு பக்கம் முழுசா மறைஞ்சிருக்கு. அது உங்களுக்குத் தெரியவும் மாட்டாது."

சரி என்றேன்.

ஓகஸ்ட் 17, சனி

சசிக்குமார் நாளை வந்து வேனை ஓட்டிக்கொண்டு போவான். அதுவரை இங்கேதான். எனக்குத் தெரிகிற தூரத்தில் இருப்பதை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

பார்த்தவை: பக்கக் கண்ணாடியில் தன்னோடு சண்டை பிடிக்கும் குருவி. திரைச்சீலையில் பச்சை வெட்டுக்கிளி. அதன் காலில் ரம்பம் போல முள். கருவாட்டு வாசத்துக்கு வந்த உடும்பு. நாக்கு இரண்டாகப் பிளந்து நீலமாக இருந்தது. தங்கேஸ்வரியின் கையில் உட்கார்ந்த தும்பி. எல்லாமே மெய். ஒன்றையும் பெரிதாக்கவில்லை.

நல்ல நாள்.

ஓகஸ்ட் 18, ஞாயிறு

புறப்படும்போது வயலைத் தாண்டிப் போய் அந்தப் புற்றைத் தொட்டுப் பார்த்தேன். என் இடுப்பு உயரம். கரடி போல இல்லவே இல்லை.

மகன் வழி முழுக்கக் கண்டிக்காரரைப் பற்றியே பேசினான். "யாரும்மா இனி இத ஓட்டப் போறது?"

"வேன் இருக்கட்டும்" என்றாள். நாலந்தா தாண்டிய பிறகும் ஒரு தரம் சொன்னாள். "இருக்கட்டும்டா."

நவம்பர் 21, வியாழன்

நேற்று வலது கண்ணின் படலத்தை வெட்டினார்கள். இன்று கட்டு அவிழ்த்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று, வீதிக்கு அந்தப் பக்கம் இருந்த கடைப் போர்டை முழுதாக வாசித்தேன். சுத்தமான நல்லெண்ணெய் இங்கே கிடைக்கும். இரண்டாம் தரமும் வாசித்தேன். அடியில் போய் நிற்கவில்லை.

2025 ஜனவரி 15, புதன்

தங்கேஸ்வரி டிரைவிங் பழகப் போகிறாள். அறுபத்து மூன்று வயது. நான் பழக்குகிறேன் என்றேன். "நீங்க கத்துவீங்க. காசு வாங்கிறவங்க கத்த மாட்டாங்க" என்றாள். இரவு கட்டிலில் படுத்துக்கொண்டு கிளட்ச் மிதிக்கிறாள்.

மார்ச் 4, செவ்வாய்

ஓட்டிக் காட்டும் பரீட்சையில் பெயில். மதில் ஒன்றும் விழவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

பாஸ். சசிக்குமாருக்கு அவளே போன் எடுத்தாள். "கண்டிக்காரர்கிட்ட வேன் குடுக்கிறதில்லன்னு சொல்லிருடா" என்றாள்.

ஜூன் 8, ஞாயிறு

இப்போது எழுத மட்டும் கண்ணாடி வேண்டும். போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

காலையில் புறப்பட்டோம். அவள் ஓட்டினாள். நான் இடது பக்கச் சீட்டில் உட்கார்ந்து போர்டுகளை வாசித்தேன். நாலந்தா. நாவுல. தம்புள்ள. இனாமலுவ. ஒன்றையும் விடவில்லை. அவளுக்கு வேண்டாத பாண் கடைப் போர்டையும் வாசித்தேன். காட்டு வாசலில் அவளே நிறுத்தினாள். நான் இறங்கிக் கிளை முறித்துத் தொங்கவிட்டேன்.

சீகிரியா நெருங்கும்போது, வயலுக்கு அப்பால் அந்தப் புற்று இருந்தது. வீதியிலிருந்தே தெரிந்தது. உச்சியில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. அதன் நீலமும் தெரிந்தது.

"தங்கம், அந்தா, கரடி" என்றேன்.

அவள் திரும்பவே இல்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

"வாய மூடிக்கிட்டு போர்ட வாசிங்க" என்றாள்.