கழுத்து அச்சும் இடது கையும்

செப்டம்பர் 14, ஞாயிறு

வைக்கோல் கட்டுகளை டுவேன் வந்து அடுக்கிக் கொடுத்தான். புறப்படும்போது தன் அண்ணனை, என் புருஷனைப் பார்த்துக் கை அசைத்தான். லோவெல் சன்னலோரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். ஏப்ரலில் வந்த பக்கவாதம். வலது கை இன்னும் மடியில் கிடக்கிறது, யாரோ விட்டுப்போன கையுறை மாதிரி.

சாப்பாட்டு மேசையில், தட்டைப் பார்த்தபடி: "நான் இருந்து என்ன ஆகப்போகுது, மார்வா?"

உருளைக்கிழங்கு ஆறுகிறது, சாப்பிடு என்றேன். வேறென்ன சொல்ல?

செப்டம்பர் 16

லோவெல் சொன்னதை டுவேனிடம் சொன்னேன். திறந்த லாரிக் கதவை மறுபடி சாத்தினான். சின்னத் துப்பாக்கிகளைக் கோடையிலேயே ஏதோ சாக்குச் சொல்லி அவன் வாங்கிப் போய்விட்டான். மிச்சம் இருப்பது எல்க் மான் வேட்டைக்கான ரைஃபிள் மட்டும்.

"அதையும் எடுத்துட்டுப் போயிடட்டுமா?"

"வேணாம். அது போச்சுன்னா அவன் உடைஞ்சிடுவான்."

"அப்ப தோட்டாவை உள்ள தள்ளிப் பூட்டுற போல்ட்டைக் கழட்டி ஒளிச்சு வை. அது இல்லேன்னா துப்பாக்கி வெறும் குழாய்தான்."

கழற்றி, துணியில் சுற்றி, மாவு டப்பாவுக்குள் புதைத்தேன்.

செப்டம்பர் 17

போல்ட் எங்கே என்று லோவெல் கேட்கவில்லை.

செப்டம்பர் 27

கொட்டகையில் விளக்கு எரிந்தது. ஓடினேன். மேசை முன்னால் உட்கார்ந்து, போன வருடம் சுட்ட பித்தளைத் தோட்டாக் கூடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வேட்டை சீசன் வருதில்ல? தோட்டா வேணாமா?"

இது நல்ல அறிகுறியா, கெட்டதா? ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் பழைய கூடுகளில் மருந்து நிரப்பித் தோட்டா செய்வான். இந்த வருடம் நான் கொட்டகை வாசலிலேயே நின்றேன்.

அக்டோபர் 4

மேசையிலுள்ள அழுத்தியில் திருகி மாட்டும் கழுத்து அச்சோடு லோவெலுக்கு மல்லுக்கட்டு. சுட்ட கூடு எங்கள் துப்பாக்கியின் அறைக்கு அளவெடுத்தது போல விரிந்திருக்கும். கூட்டின் உடம்பைத் தொடக்கூடாது, ரவையைப் பிடித்துக்கொள்ளக் கழுத்தை மட்டும் இறுக்கினால் போதும். அச்சைக் கொஞ்சம் அதிகமாக இறக்கினால் கூட்டின் தோள் நசுங்கிவிடும். வலது கைக்கு அந்த அளவு தெரியும். இடது கைக்குத் தெரியவில்லை — திருகத் தொடங்கினால் தாண்டிப் போய்விடுகிறது.

ஒரு கூட்டைச் சுவரில் வீசி எறிந்தான். "கண்ணை மூடிக்கிட்டுச் செஞ்ச வேலைடி இது!"

அக்டோபர் 5

கேட்டுவிட்டான். "போல்ட் எங்க?"

"எதுக்கு?"

"கூட்டை உள்ள போட்டு, போல்ட் மூடுதான்னு பார்க்கணும். பார்க்காம அச்சை எப்படி நிறுத்துறது?"

டுவேன் எண்ணெய் போட எடுத்துப்போனான் என்றேன். என்னையே பார்த்தான். "டுவேனா," என்றான். அவ்வளவுதான்.

தெரிந்துவிட்டது. தெரியாமல் இருக்குமா?

அக்டோபர் 7

காபியைக்கூட லோவெல் என்னிடம் கேட்காமல் அவனே ஊற்றிக்கொண்டு, பாதியைக் கொட்டினான்.

டுவேன் போனில், "கொடுத்துடாத, மார்வா" என்கிறான். சொல்றது சுலபம். கொடுக்கலேன்னா லோவெல் என் கண் முன்னாலயே கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டிருக்கான். கொடுத்தா — கடவுளே, இதை நான் ஒருத்தியா எப்படி முடிவு பண்றது?

அக்டோபர் 9

சாயங்காலம் போல்ட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். கையிலிருந்து விடவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று பயந்திருந்த கேள்வியைக் கேட்டேவிட்டேன்.

"லோவெல், உன்னை நீயே ஏதாவது பண்ணிக்க நினைச்சியா?"

கையிலிருந்த கூட்டை மேசையில் வைத்தான்.

"ஜூலைல நினைச்சேன்."

"இப்ப?"

"சில நாள். இன்னிக்கு இல்ல. இன்னிக்கு இந்த எழவு அச்சு உட்கார மாட்டேங்குதுங்கிற ஒரே நினைப்புதான்."

அழுதேன். அவன் என் கையிலிருந்த போல்ட்டை உற்றுப் பார்த்தான். "மாவா அது? துருப்பிடிச்சா உன்னைத்தான் கேப்பேன்." சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

டாக்டரிடம் சொல்லப்போகிறேன் என்றேன். "சொல்லு. நான் சொல்ல மாட்டேன், நீ சொல்லு."

பிறகு வேலை. மருந்து இல்லாத வெற்றுக் கூடு ஒன்றின் கழுத்தை மெழுகுவர்த்திப் புகையில் கறுப்பாக்கினேன். நான் அழுத்தியின் கைப்பிடியை இழுக்க, கரி எதுவரை வழித்திருக்கிறது என்று அவன் பார்த்தான். தோள்வரை. "அரைச் சுற்று மேல ஏத்து. மேலங்கிறேன், எருமை!" இப்போது தோளுக்குச் சற்று மேலே கறுப்புக் கோடு ஒன்று மிச்சம் நின்றது. போல்ட்டை ரைஃபிளில் மாட்டி, கூட்டை உள்ளே போட்டுத் தள்ளினேன். வெண்ணெயில் கத்தி போல மூடியது. அச்சின் பூட்டு வளையத்தை அவனே இறுக்கினான், இடது கையால், பல்லைக் கடித்துக்கொண்டு.

போல்ட்டை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பார்த்தான். விளக்கை அணைத்தான்.

அக்டோபர் 14

டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். வாரம் ஒரு முறை பேச ஒரு பெண்மணியிடமும் அனுப்புகிறார். லோவெல் திரும்பி வரும் வழியெல்லாம் அவளுடைய செருப்பைக் கிண்டல் செய்தான்.

அக்டோபர் 25

சீசன் திறப்பு. சுட்டது டுவேன், போல்ட்டை அவனிடம்தான் கொடுத்தேன். மேட்டுக்கு அப்பால் பெண் எல்க்கை முதலில் கண்டது லோவெல். ஒரே தோட்டா.

"அச்சை யாருண்ணே நிறுத்தினது? நல்லாருக்கே."

"நான்தான். இவ கைப்பிடியை இழுத்தா. இழுத்ததுக்கே ஊரெல்லாம் பெருமை அடிப்பா பாரு."

ஈரலை வெங்காயத்தோடு பொரித்தேன். இரண்டாம் தடவை கேட்டு வாங்கினான்.

நவம்பர் 3

காலையில், ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவையாகத் தானாகவே: பல் வலிக்கிறதாம், பல் டாக்டரிடம் நாள் வாங்கச் சொன்னான். போன் செய்தேன். ஜனவரிக் கடைசியில்தான் இடம் இருக்கிறதாம். போனைக் கையால் மூடிக்கொண்டு லோவெலிடம் சொன்னேன்.

"அவ்வளவு நாளா?" என்று முணுமுணுத்தான். "சரி, வாங்கி வை. வரேன்னு சொல்லு."