தொண்டைக்காக ஓர் ஆட்டம்

அம்மாவுக்கு மகன் வெண்டல் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? ஆற்றில் பனி உருகிவிட்டதா?

இங்கே நியூயார்க்கில் உயரக் கட்டடங்களில் இரும்பு வேலை நன்றாகப் போகிறது. சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு வலைக்கோல் பிடித்துப் பந்தாடும் நம் லாக்ராஸ் சொல்லிக்கொடுக்கிறேன் அல்லவா, போன வாரம் அங்கே ஆட்டம் தொடங்கும் முன்பே ஒரு பந்து என் தொண்டையில் லேசாகப் பட்டது. பயப்படாதே, குரல் மட்டும்தான் லீவு போட்டது.

வழக்கமாக நான் ஓரத்தில் நின்று கத்திக்கொண்டே இருப்பேன். உன்னிடமிருந்து வந்த பழக்கம். பிள்ளைகளும் தங்கள் கைக்கோலின் வலையில் பந்து விழுந்ததும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அன்று சின்ன இடத்தில் மூன்று பேரை இரண்டு பேருக்கு எதிராக நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தேன். யாருடைய நலத்துக்காக ஆடுகிறோம் என்று நம் ஊர் அக்வெசாஸ்னே வழக்கப்படி முதலில் கேட்பேன். அதற்கும் குரல் இல்லை. இமானி என்ற வாயாடிப் பெண் முந்திக்கொண்டாள்.

"இன்னைக்கு கோச்சோட தொண்டைக்காக ஆடுவோம்டா!"

முதலில் முட்டி மோதிக்கொண்டார்கள். பிறகு, "எனக்குக் குடு!", "வேணாம், நீயே அடி, கோல்கீப்பர் தூங்குறான்!" என்று தாங்களே பேசி முடிவெடுத்து ஆடினார்கள். பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி திட்டம் போடுவது மட்டும் என் வேலை; ஆட்டத்தில் வாயைத் திறக்கமாட்டேன்.

கொஞ்சம் வெள்ளைச் சோளம் அனுப்பு. இங்கே கிடைப்பதில் சூப் வைத்தால் வாயில் வைக்க முடியவில்லை. கம்பளிக் காலுறையும் வேண்டும். வேலைக்குப் போகும் ரயில் வந்துவிட்டது, முடிக்கிறேன். தம்பி ஆடும்போது, "டேய், கண்ணு எங்கடா இருக்கு?" என்று கத்துவாயே, அதை போனில் பதிவு செய்து அனுப்பு. ஒரு தடவை என் பெயரையும் சொல்லிக் கத்து.